சிலிண்டரும் இளவட்டக் கல்லும்

மார்கழி மாதம் ஒரு நாள் காலை. காஸ் சிலிண்டர் கொண்டு வந்த ஆள் அதை எங்கள் வீட்டு வாசற்படியோடு உருட்டி நிறுத்திவிட்டு, "பின்னாலே வண்டி நிக்குதும்மா" என்று சொல்லிப் பறந்து விட்டான். ஓசூரின் மார்கழிக் குளிர் எப்படிப்பட்டது என்பது இங்கே குடித்தனம் செய்கிறவர்களுக்குத் தெரியும். விரல்களெல்லாம் மரத்துப் போயிருந்தன. எங்கள் வீட்டுக்காரர் பத்திரிகையை ஓர் அங்குலம் கீழே இறக்கி, "நான் வேணுமானால் வரட்டுமா?" என்று கேட்டார். அந்த 'வேணுமானால்' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று, கல்யாணமாகி இருபது வருஷமான சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

"நீங்கள் படியுங்கள்" என்று சொல்லிவிட்டு நானே குனிந்தேன். சிலிண்டர் அசைந்தது, கூடவே என் இடுப்பும் அசைந்தது. 'சுளுக்' என்று ஒரு சத்தம். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. திருபங்க நிலையில் ஒரு சிலை மாதிரி வாசலில் நின்றேன்.

அப்பொழுதுதான் மாடி அறையில் குடியிருக்கும் பெண் இரவு 'ஷிப்ட்' முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். திருநெல்வேலிச் சீமைப் பெண். இருபத்திரண்டு வயதிருக்கலாம். காற்றடித்தால் சாய்ந்து விடுவாளோ என்று தோன்றும் ஒல்லியான தேகம்.

"கொஞ்சம் தள்ளுங்கக்கா" என்றாள்.

குந்தி உட்கார்ந்தாள். சிலிண்டரை மார்போடு அணைத்துக் கொண்டாள். அப்படியே எழுந்து நின்றாள். நேரே சமையலறைக்குப் போய், ஓசைப்படாமல் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். மூச்சுக்கூட வாங்கவில்லை!

"எப்படியம்மா தூக்கினாய்?" என்று கேட்டேன்.

"கையால தூக்குனா இடுப்பு போயிரும்க்கா. கால்லதான் தூக்கணும்" என்றாள்.

"இதை எங்கே படித்தாய்?"

"படிக்கவா செஞ்சேன்! எங்க ஊர்ப் பக்கம் பணகுடிகிட்ட வடலிவிளைன்னு ஒரு ஊரு இருக்கு. பொங்கலுக்கு அங்க பொம்பளையளும் இளவட்டக்கல்லு தூக்குதாவ. சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன்லா!"

நான் திகைத்து நின்றதற்கு இடுப்பு வலி மட்டும் காரணமல்ல. என் பீரோவில், புடவைகளுக்கு அடியில், ஒரு காகிதம் மூன்று வாரமாகக் கையெழுத்தில்லாமல் கிடந்தது. கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் என் பெண் கொண்டு வந்த சம்மதக் கடிதம் அது. வருஷந்தோறும் நடக்கும் பளு தூக்கும் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தாள். "பார்க்கலாம்" என்று வாங்கி வைத்தேன். நம் வீடுகளில் 'பார்க்கலாம்' என்றால் 'பார்க்கப் போவதில்லை' என்றுதானே பொருள்?

பொங்கல் திடலில்

இளவட்டக் கல்லைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டார்கள். சில ஊர்களில் அதை இளந்தாரிக் கல் என்பார்கள். சில ஊர்களில் கல்யாணக் கல். உருண்டையாக, வழவழவென்று, பிடிப்பதற்கு ஒரு முனைகூட இல்லாமல் இருக்கும். கோயில் முன்னாலோ, ஊர்ப் பொது இடத்திலோ பாதி புதைந்து கிடக்கும். இந்தக் கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுகிற வாலிபனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று பழங்காலத்து வழக்கத்தைச் சொல்வார்கள்.

தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளாலும் கல்லைக் கட்டிக் கொள்ள வேண்டும். மெல்ல எழும்பி முழங்காலுக்கு ஏற்ற வேண்டும். அங்கிருந்து நெஞ்சுக்கு உருட்ட வேண்டும். நெஞ்சிலிருந்து தோளுக்கு. தோளுக்கு வந்த பிறகு பின்பக்கமாகத் தள்ளி விட வேண்டும். ஒவ்வொரு படியிலும் கல் வழுக்கப் பார்க்கும். பலம் பாதி, சாமர்த்தியம் பாதி.

இதுவரை கதை முழுக்கப் புருஷர்களுடையது. வடலிவிளையில்தான் அது திரும்புகிறது. திருநெல்வேலி மாவட்டத்தில் பணகுடிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரில் ஒவ்வொரு பொங்கலுக்கும் இளவட்டக் கல் தூக்கும் போட்டி நடக்கிறது. ஆண்கள் தூக்கும் கற்கள் படிப்படியாகக் கனம் ஏறி நூறு கிலோவையும் தாண்டிப் போகும். பெண்களுக்கென்று தனிப் போட்டி. அவர்கள் தூக்கும் கல்லின் எடை 55 கிலோ.

55 கிலோ என்றால் எவ்வளவு? நம் கணக்கில் சொல்கிறேன். அரிசி மண்டியில் வாங்கும் 25 கிலோ சிப்பம் இரண்டையும் சேர்த்துக் கட்டி, அதன்மேல் ஐந்து கிலோ துவரம் பருப்பையும் வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு. சிப்பத்துக்காவது பிடிக்கக் காது இருக்கிறது. கல்லுக்கு அதுவும் இல்லை.

அதைத் தூக்க வருகிறவர்கள் யார்? சர்க்கஸ்காரிகள் அல்ல. அன்று காலையில் வாசலில் கோலம் போட்டுப் பொங்கல் வைத்துவிட்டு வந்த பெண்கள்தான். அவர்களில் இல்லத்தரசிகளும் உண்டு. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக் கொண்டு கல்லின் முன்னால் வந்து உட்காரும்போது கூட்டம் முழுவதும் மூச்சடக்கி நிற்குமாம். கல் தோளைத் தாண்டிப் பின்னால் 'தொம்' என்று விழும்போது எழுகிற குலவைச் சத்தத்தை, மாடி வீட்டுப் பெண் எனக்குச் செய்தே காட்டினாள். எங்கள் வீட்டுக்காரர் பத்திரிகையை முழுவதும் கீழே வைத்து விட்டார்.

கல்யாணக் கல் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பந்தயத்தைத் திருப்பிப் போட்ட ஒரு வீராங்கனையின் ஞாபகம் வருகிறது. வடக்கே ஹமீதா பானு என்று ஒரு மல்யுத்தக்காரி இருந்தார். 1954-ஆம் வருஷம், தம்மைக் குஸ்தியில் ஜெயிக்கிறவரை மணந்து கொள்வதாக அறிவித்தார். அந்த வருஷம் மே மாதம் பரோடாவில் பாபா பயில்வான் என்பவர் எதிரே வந்து நின்றார். ஒரு நிமிஷம் முப்பத்துநான்கு விநாடியில் குஸ்தி முடிந்தது. ஜெயித்தது ஹமீதா பானு!

எங்கள் ஊர்ச் சமாசாரம்

எங்கள் கிருஷ்ணகிரிச் சீமையிலும் கல்லுக்குப் பஞ்சமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. வயல் வரப்பிலும் ஏரிக் கரையிலும் பழைய நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய் மடிந்தவன், புலியோடு பொருதவன் என்று வீரர்களின் உருவங்கள் அவற்றில் இருக்கும். தைப் பிறந்தால் கிராமத்துக்குக் கிராமம் எருது விடும் விழா. அதிலும் ஓடுகிறவன் ஆண், விரட்டுகிறவன் ஆண், மாடி மேல் நின்று வேடிக்கை பார்ப்பவள் பெண்.

ஆனால் வேலை என்று வந்தால் கதை வேறு. ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் கூடை சுமக்கிறவர்களைப் பாருங்கள். கட்டிட வேலையில் சாந்துச் சட்டி ஏந்தி ஏணியில் ஏறுகிறவர்களைப் பாருங்கள். எல்லைக்கு இந்தப் புறம் ஓசூர்த் தொழிற்பேட்டையில் கடிகாரம் முதல் கைபேசி வரையில் எத்தனையோ சாமான்கள் பெண்களின் கையில்தான் உருவாகின்றன. அசோக் லேலண்டு கம்பெனி இங்கே எஞ்சின் செய்யும் ஒரு வரிசையை முழுக்க முழுக்கப் பெண்களிடமே ஒப்படைத்திருக்கிறது. லாரி எஞ்சினைப் பெண்கள் செய்கிறார்கள் என்றால் "பேஷ்" என்கிறோம். அதே பெண் மேடையேறி இரும்பைத் தூக்குகிறேன் என்றால் மட்டும், "இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறோம்.

நான் கேட்டேன். பிறரைச் சொல்வானேன்?

நூற்று நான்கு வருஷம் காத்திருந்த கதை

நான் மட்டுமல்ல, உலகமே கேட்டது. 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்குப் பளு தூக்கும் போட்டி இருந்தது. பெண்களுக்கு உலகப் போட்டி என்று ஒன்று முதன் முதலாக நடந்தது 1987-ல், அமெரிக்காவில். ஒலிம்பிக்கில் இடம் கிடைத்ததோ 2000-ஆம் வருஷம் சிட்னியில்தான். நூற்று நான்கு வருஷம்!

கதவு திறந்த அந்த முதல் வருஷமே உள்ளே நுழைந்தவர், நம் பக்கத்து மாநிலமான ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்த கர்ணம் மல்லேஸ்வரி. ஒல்லியான பெண், இவளால் ஆகாது என்று ஆரம்பத்தில் ஒதுக்கப்பட்டவர். 2000 செப்டம்பர் 19 அன்று, ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் முறையில் 110 கிலோவும், தோளில் நிறுத்திப் பிறகு உயர்த்தும் முறையில் 130 கிலோவும் தூக்கினார். கடைசி வாய்ப்பில் தங்கத்தையே குறி வைத்து 137.5 கிலோவைத் தூக்கப் போனார். அது மட்டும் கைகூடவில்லை. வெண்கலப் பதக்கம் கிடைத்தது. ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமை, ஓட்டக்காரிக்கோ டென்னிஸ்காரிக்கோ அல்ல, இரும்பு தூக்கிய பெண்ணுக்குப் போயிற்று என்பதைக் கவனியுங்கள்.

அவருக்கு அடுத்தவர் மணிப்பூரின் மீராபாய் சானு. இவர் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அடுப்புக்கு விறகு பொறுக்க அண்ணனோடு மலைக்குப் போன சிறுமி. அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டைத் தங்கை தலையில் வைத்துக் கொண்டு வீடு வந்து சேர்ந்தாளாம். அந்த வீட்டில் அன்றைக்கே புரிந்து கொண்டார்கள்.

2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் இவருக்குப் பெரிய சோதனை. இரண்டாவது முறைத் தூக்கலில் மூன்று வாய்ப்பும் தவறிப் போயிற்று. கணக்கிலேயே வராமல் திரும்பினார். மறு வருஷமே உலகப் போட்டியில் 194 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2021 ஜூலை 24-ல் டோக்கியோவில் 202 கிலோ, வெள்ளிப் பதக்கம். அவர் போட்டியிட்டது 49 கிலோ எடைப் பிரிவில். தம் உடம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான 115 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினார்!

ஊர் திரும்பியதும் அவர் செய்த காரியம் ஒன்றுண்டு. பயிற்சிக்குப் போகப் பஸ் காசு இல்லாத நாட்களில், மணல் லாரிக்காரர்கள் அவரை இம்பால் வரையில் இலவசமாக ஏற்றிப் போவார்களாம். அந்த ஓட்டுநர்களையும் உதவியாளர்களையும் தேடிப் பிடித்து, நூற்றைம்பது பேருக்கு விருந்து வைத்து, சட்டையும் சால்வையும் கொடுத்துக் கௌரவித்தார். இரவும் பகலும் லாரி ஓடுகிற ஊரில் இருக்கும் எனக்கு, பதக்கத்தைவிட இந்தச் செய்திதான் நெஞ்சில் நின்றது.

எதிர் வீட்டுப் பாட்டியம்மா

இவ்வளவும் தெரிந்துமா கையெழுத்துப் போடவில்லை என்று கேட்பீர்கள். தெரிவது வேறு, சொந்தப் பெண் என்று வரும்போது துணிவது வேறு.

என் பயத்துக்கு உருவம் கொடுத்தவர் எதிர் வீட்டுப் பாட்டியம்மா. எங்கள் ஊர் வழக்கப்படி தெலுங்கும் கன்னடமும் கலந்த தமிழில், "ஆடபிள்ளைக்கு இது எதுக்கும்மா? கர்ப்பப்பை இறங்கிடும். உடம்பு ஆம்பிளை மாதிரி ஆயிடும். அப்புறம் யார் கட்டிக்குவாங்க?" என்று மூன்று கேள்வி கேட்டார்.

மூன்றில் இரண்டை வைத்தியரிடம் கேட்டேன். ஒன்றை நானே யோசித்தேன்.

ஆண்பிள்ளை உடம்பு ஆகிவிடும் என்பது வீண் பயம். தசை பெருக்க முக்கியமான 'டெஸ்டோஸ்டிரோன்' சுரப்பு பெண் உடம்பில் மிகக் குறைவு. முறையான பயிற்சியில் பலம் ஏறும். பயில்வான் உருவம் தானாக வந்துவிடாது. மாறாக, நாற்பது ஐம்பது வயதுக்கு மேல், மாதவிலக்கு நின்ற பிறகு, பெண்களின் எலும்பு வேகமாகத் தேய ஆரம்பிக்கிறது. எலும்பும் தசையும் பலமாக இருக்கச் சுமை தூக்கும் பயிற்சி உதவுகிறது. பெரியவர்கள் எல்லோரும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதில் ஆண் பெண் பேதம் இல்லை.

கர்ப்பப்பை இறங்கும் விஷயம் அப்படி ஒதுக்கித் தள்ளக் கூடியதல்ல. அது உண்மையான வியாதி. ஆனால் அதற்கு முக்கியக் காரணம் பிரசவம். தீராத இருமலும் மலச்சிக்கலும், வருஷக் கணக்கில் கனமான சுமை தூக்கும் உழைப்பும் அதை அதிகப்படுத்தும். நிபுணர் மேற்பார்வையில், கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டி, மூச்சுக் கட்டுப்பாட்டோடு பழகுகிற ஆரோக்கியமான பெண்ணுக்குப் பயப்படக் காரணமில்லை.

இதைப் பாட்டியம்மாவிடம் போய்ச் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பெரியவன் பொறந்த பதினஞ்சாம் நாளே கிணத்துல தண்ணி சேந்தினேன். தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. யாரும் வேணாம்னு சொல்லல்லே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பெண்கள் சுமை தூக்கக் கூடாது என்று நாம் ஒரு நாளும் சொன்னதில்லை. குடத்தைத் தூக்கலாம், சிலிண்டரைத் தூக்கலாம், பத்து வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக் கொண்டு மாடிப்படி ஏறலாம். அதையெல்லாம் எப்படித் தூக்குவது என்று மட்டும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தூக்கியதற்காக யாரும் கை தட்டுவதுமில்லை. சொல்லிக் கொடுத்துத் தூக்க வைத்து, கையும் தட்டுகிற இடம் ஒன்று உண்டென்றால், அது போட்டி மேடைதான். அங்கே போகத்தான் நாம் தடை சொல்கிறோம்!

மூன்றாவது கேள்விக்குப் பதில் யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. பெண்ணுக்குப் பலம் இருக்கிறது என்று பயப்படுகிற மாப்பிள்ளை வராமலே இருந்தால் நல்லதுதானே?

வீட்டில் செய்து பார்க்கலாம்

போட்டிக்குப் போகிற வயது எனக்கில்லை என்று சொல்ல வந்தேன். சொல்ல நாக்கு எழவில்லை. காரணம் பொள்ளாச்சிப் பக்கத்து ஒரு பாட்டி. 2024-ல் கோயமுத்தூரில் நடந்த வலுப் போட்டியில், தமது 82-ஆவது வயதில், தரையில் கிடந்த 50 கிலோ இரும்பைத் தூக்கி நிறுத்தினார். சிறு பெண்களோடு நின்று ஐந்தாம் இடம் பெற்றார். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பேரன்தான் அவருக்குத் தூண்டுகோலாம்.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாடி வீட்டுப் பெண்ணும் வைத்தியரும் சொன்னதில் வீட்டுக்கு ஆனதைத் தருகிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். பத்துத் தடவை. இதுவே காலுக்கு முதல் பாடம். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் ஏறக்குறைய ஒரு கிலோ. கைக்கு ஒன்றாக எடுத்துத் தோளிலிருந்து தலைக்கு மேல் உயர்த்தி இறக்குங்கள். எந்தச் சாமானைத் தூக்கினாலும் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். சாமானை உடம்போடு ஒட்டி வைத்துக் கொள்ளுங்கள். தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். தூக்கிக் கொண்டே திரும்பாதீர்கள். நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். அதைத் தனியாகத் தூக்கத் துணியாதீர்கள். கர்ப்பிணிகள், சமீபத்தில் பிரசவித்தவர்கள், குடலிறக்கம், இரத்த அழுத்தம், அடியிறக்கம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

பிறகு நடந்தது

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். தென் மாவட்டத்துப் பெண்கள் ஆலை விடுமுறைக்கு ஊர் போகிற கூட்டம். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, தலையில் ஒரு மூட்டை. யாரும் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் அல்ல. எல்லோரும் தூக்கிக் கொண்டுதான் இருந்தார்கள்.

நான்காம் நாள் மாடி வீட்டுப் பெண் கருப்பட்டியும் பனங்கிழங்குமாகத் திரும்பி வந்தாள்.

"இந்த வருஷம் நீயும் தூக்கினாயா?" என்று கேட்டேன்.

"போட்டியில சேரலக்கா. எங்க ஊர்ல கெடக்குற கல்லத் தொட்டுப் பாத்தேன். முழங்கால் வரைக்கும் ஏறிச்சு. நழுவிட்டு" என்று சிரித்தாள். "அடுத்த வருசம் நெஞ்சு வரைக்குமாவது ஏத்திருவேன்."

அன்று இரவு பீரோவைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டுப் பெண்ணின் புத்தகத்துக்கு நடுவே வைத்தேன். காலையில் அதைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றும் பேசவில்லை. சமையலறைக்கு வந்து, காலிச் சிலிண்டரை முழங்காலை மடக்கித் தூக்கி வாசலுக்குக் கொண்டு போய் வைத்தாள்.

எங்கள் வீட்டுக்காரர் பத்திரிகையை இறக்கி, "நான் வேணுமானால்..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம் அப்பா. மறுமுனையைப் பிடிக்க ஆள் வேணும்னா கூப்பிடறேன்" என்றாள் என் பெண்.